புயலும் அயல்நாடும்: வங்காள விரிகுடாவில் முன்னெச்சரிக்கை வளர்ந்த கதை

வங்காள விரிகுடாவின் வடிவத்தை ஒருமுறை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். தெற்கே இலங்கைக்கும் சுமாத்திராவுக்கும் இடையில் அது மிக அகன்று கிடக்கிறது. வடக்கே செல்லச் செல்ல இரு கரைகளும் நெருங்கி வருகின்றன. கங்கையும் பிரமபுத்திராவும் மேக்னாவும் கலந்து கடலில் விழுமிடத்திலே நீரின் ஆழமும் குறைந்துவிடுகிறது. வாய் அகன்று அடி குறுகிய புனல் ஒன்றின் வடிவம் அது. தெற்கிலிருந்து புயலால் தள்ளப்பட்டு வரும் நீர் அப்புனலின் அடியிலே ஒடுங்கும்பொழுது, பக்கங்களிற் பரவ இடமின்றி மேலெழுகின்றது. அங்கே நிலமோ கடல் மட்டத்தினின்றும் சில அடிகளே உயர்ந்தது. ஆறுகள் கொணர்ந்த வண்டலாலாகிய செழுமையான நிலமாதலின் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். உலகில் எழும் சூறாவளிகளிலே மிகச் சிறு பங்கே இக்கடலில் எழுகின்றது. ஆயினும் வரலாற்றில் பேருயிர்ச்சேதம் விளைத்த சூறாவளிகளுட் பெரும்பாலானவை இக்கடலுக்கே உரியவை. இதற்குக் காரணம் காற்றின் வேகம் மட்டுமன்று. நிலத்தின் அமைப்பும் மக்களின் நெருக்கமுமேயாகும்.

இக்கடலைச் சுற்றியுள்ள நாடுகள் பல. இலங்கையும் இந்தியாவும் மேற்கே, வங்காளதேசம் வடக்கே, மியன்மாரும் தாய்லாந்தும் கிழக்கே, இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவு தென்கிழக்கே. ஒருவர் கரையிற் காணப்படும் அறிகுறி மற்றவர் கரையில் நாளை நிகழவிருக்கும் நிகழ்ச்சி. ஆகவே இக்கடலில் முன்னெச்சரிக்கை என்பது ஒரு நாடு தனித்துச் செய்யக்கூடிய காரியமன்று. இவ்வுண்மையை உணர்ந்து, அதற்கேற்ற ஒழுங்குகளைச் செய்துகொள்ள இப்பகுதி மக்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் வேண்டியிருந்தது. அந்தக் காலத்தின் கதையையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கதையின் முதல் மனிதர் ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராயிருந்து, பின்னர் கல்கத்தாவிலே தங்கிவிட்ட ஆங்கிலேயர். கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒன்று சேர்த்து ஒப்பிட்டு, புயற்காற்று ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கின்றது என்பதைப் பலருக்கும் விளங்கவைத்தவர். சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘சைக்குளோன்’ என்னும் பெயரை 1848 ஆம் ஆண்டில் வழங்கியவரும் அவரே. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றின் கரையிலே புதுத் துறைமுகம் ஒன்றை அமைக்க அரசினர் எண்ணியபொழுது, 1853 இல் அவர் மகாதேசாதிபதி டல்ஹௌசிப் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். என்றோ ஒருநாள் சூறாவளியோடு வரும் கடல்நீர் அத்துறைமுகத்தை மூழ்கடிக்கும் என்பது அக்கடிதத்தின் சாரம். அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. துறைமுகம் கட்டப்பட்டது, கானிங் பிரபுவின் பெயரும் இடப்பட்டது. 1858 இல் பிடிங்டன் இறந்தார். 1867 நவம்பரில் வீசிய சூறாவளியினால் அத்துறைமுகம் பாழாயிற்று. அறிவு இருந்தது, அதனைக் கேட்கும் செவி இல்லை. இக்கதையில் நாம் மீண்டும் மீண்டும் காணப்போகும் குறை இதுவே.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1864 ஒக்டோபர் 5 ஆம் நாள், கல்கத்தாவையே ஒரு பெருஞ்சூறாவளி தாக்கியிருந்தது. இறந்தோர் தொகை ஏறக்குறைய 60,000 எனக் கணிக்கப்பட்டது. ஒரு மாதம் கழியுமுன் மசூலிப்பட்டினத்தை மற்றொன்று அழித்தது. இவ்விரு அடிகளின் பின்னரே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் அறிவிப்பு ஒழுங்கு ஒன்று 1865 இல் ஏற்பட்டது. 1875 இல் இந்திய வளிமண்டலவியல் திணைக்களமும் தோன்றியது. தந்திக் கம்பியே அன்று அவ்வேற்பாட்டின் உயிர்நாடி. ஓரிடத்தில் வாயுபாரமானி விழத் தொடங்கியதும் அச்செய்தி நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாற் சென்று, துறைமுகக் கம்பத்தில் அடையாளமாக ஏறும்.

ஆனால் அவ்வடையாளம் யாருக்காக ஏற்றப்பட்டது? கப்பல்களுக்காக. துறைமுகத்தை நம்பியிருந்த வணிகத்துக்காக. கரையோரத்துக் குடிசையில் வாழ்ந்த உழவனுக்காக அன்று. 1876 ஒக்டோபர் 31 ஆம் நாள் இரவு மேக்னா முகத்துவாரத்துப் பாக்கர்கஞ்சுப் பகுதியில் கடல் ஏறியபொழுது, ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் உறக்கத்திலேயே நீரில் ஆழ்ந்தனர். அதனினும் கவனிக்கத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. கிணறும் குளமும் உப்பும் பிணமும் கலந்து கெட்டுப்போக, வாந்திபேதியும் பசியும் தொடர்ந்து ஏறக்குறைய அதேயளவு மக்களைக் கொண்டுபோயின. முதல் அழிவு ஓரிரவுக்குள் முடிந்தது. இரண்டாவது அழிவு மாதக்கணக்காக நின்றது. அனர்த்தத் திட்டம் என்பது காற்று ஓய்ந்ததும் முடிந்துவிடும் ஒன்றன்று, நல்ல குடிநீரிலும் மருந்திலும் அது தொடரவேண்டும் என்ற பாடத்தை 1876 ஆம் ஆண்டு நமக்கு எழுதிவைத்துச் சென்றது.

இனி நம் வாயிலுக்கு வருவோம். 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவை வடமாகாணத்து முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். திருகோணமலைப் பக்கமாகக் கரையேறி, வவுனியா, மன்னார்ப் பகுதிகளை உழுது சென்ற சூறாவளி, பாக்குநீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை ஒரே இரவில் இல்லாமற் செய்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் புகைவண்டி நிலையத்தை அடையுமுன்னரே அலைகளால் விழுங்கப்பட்டது. அதில் இருந்தோரில் எவரும் மிஞ்சவில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் நடந்த கப்பற் போக்குவரத்து அத்துடன் நின்றது. பின்னாளில் அது இராமேசுவரத்தையே துறையாகக் கொள்ள நேர்ந்தது. ஒரே புயல் இரு நாடுகளின் மக்களையும் ஒரே இரவில் வாரிச் சென்றது. மன்னாரிற் காற்று வீசிய நேரத்துக்கும் தனுஷ்கோடியைக் கடல் மூடிய நேரத்துக்கும் இடையே இருந்த சில மணித்தியாலங்களை நினைத்துப் பாருங்கள். அந்த இடைவெளியிலேதான் முன்னெச்சரிக்கையின் முழுப்பொருளும் அடங்கியிருக்கிறது.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1970 நவம்பர் 12 ஆம் நாள் இரவு, அன்று கிழக்குப் பாகித்தானாயிருந்த வங்காளத்தின் போலாத் தீவையும் அதனைச் சூழ்ந்த கரைகளையும் சூறாவளி தாக்கியது. கடலேற்றமும் புயலலையும் ஒரே நேரத்திற் கூடின. இறந்தோர் தொகை மூன்று இலட்சத்துக்குக் குறையாது என்பதிலே ஐயமில்லை. ஐந்து இலட்சம் என்று கூறுவோரும் உளர். தஜுமுதீன் என்னும் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்த 1,67,000 மக்களில் நூற்றுக்கு 45 பேர் மாண்டனர். வரலாற்றிற் பதிவாகிய சூறாவளிகளுள் இதனை ஒத்த உயிரழிவு வேறில்லை.

இப்புயல் எவரும் அறியாது வந்ததன்று. செயற்கைக் கோள்கள் அதனைப் படம் பிடித்திருந்தன. விரிகுடாவிற் சென்ற கப்பல்கள் காற்றின் திசையையும் வாயுபாரத்தையும் இந்திய நிலையங்களுக்கு அனுப்பியிருந்தன. இரு நாடுகளுக்கிடையே நிலவிய பகையினால் அக்கப்பற் செய்திகள் எல்லையைக் கடந்து செல்லவில்லை என இவ்வழிவை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். மறுபுறம், வானொலியிலும் எச்சரிக்கை ஒலிபரப்பப்பட்டது. பின்னர் நடத்திய ஆய்வு ஒன்றின்படி, அப்பகுதி மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோர் புயல் வரப்போவதை முன்னரே அறிந்திருந்தனர். ஆனால் உறுதியான கட்டடங்களிற் புகலடைந்தோர் நூற்றுக்கு ஒருவரே!

இந்த இரண்டு எண்களையும் சற்றே நிறுத்தி எண்ணிப் பார்க்கவேண்டும். தொண்ணூறு பேர் அறிந்தும் ஒருவரே சென்றதன் காரணம் யாது? மக்களின் அறியாமை என்று சொல்லித் தப்பிக்கொள்வது எளிது. உண்மை வேறு. எங்கே செல்வது என்பது அவர்களுக்குத் தெரியாது. செல்வதற்கு உறுதியான கட்டடமும் அருகிலில்லை. வீட்டையும் மாட்டையும் விட்டுச் சென்றால் அவற்றைக் காப்போர் இல்லை. முன்னர் வந்த எச்சரிக்கைகளிற் சில பெருந்தீங்கின்றிக் கழிந்திருந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, எச்சரிக்கையின் மொழியே அவர்களுக்குரியதாய் இருக்கவில்லை.

அம்மொழியைச் சிறிது விளக்குவது பயன்தரும். ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட அடையாளங்கள் துறைமுகங்களுக்கென வகுக்கப்பட்டவை. ஐந்தாம் எண் என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறத்தில் விட்டுக் கடக்கும். ஆறாம் எண் என்றால் தன் வலப்புறத்தில் விட்டுக் கடக்கும். ஏழாம் எண் என்றால் துறைமுகத்தின் மேலாகவோ அண்மையிலோ கடக்கும். எட்டு, ஒன்பது, பத்து என்பனவும் அவ்வாறே, ஆனால் கடும்புயலுக்குரியவை. கப்பல் தலைவனுக்கு இவ்வேறுபாடு உயிர்போன்றது. கரையோரத்து உழவனுக்கோ ஐந்தும் ஏழும் ஒரே ஆபத்துத்தான். எண் கூடுதலானால் ஆபத்தும் கூடுதல் என்று எண்ணி, ஐந்தைக் கேட்டவன் ஏழு வரட்டும் எனக் காத்திருந்தால் அவனைக் குறைகூற முடியுமா? கல்கத்தாத் துறைமுகத்துக் கப்பல்களுக்காக ஏற்பட்ட ஒழுங்கு, ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் கப்பல்களின் மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தது.

போலாப் புயலுக்குப் பின் இரண்டு பெருங்காரியங்கள் நிகழ்ந்தன. ஒன்று நாடுகளுக்கிடையே, மற்றது ஊர்களுக்குள்ளே.

நாடுகளுக்கிடையே நிகழ்ந்தது இது. 1970 டிசம்பரிலேயே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சூறாவளிகளால் விளையும் தீங்கைக் குறைப்பதற்கு வழிகாணுமாறு உலக வளிமண்டலவியல் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. 1972 இல் அந்நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் ஆசியப் பொருளாதார ஆணைக்குழுவும் சேர்ந்து, வங்காள விரிகுடா, அரபிக்கடல் நாடுகளுக்கென ஒரு சூறாவளிக் குழுவை அமைத்தன. இலங்கை தொடக்கத்திலிருந்தே அதன் உறுப்பு நாடுகளுள் ஒன்று. இந்தியாவும் பாகித்தானும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, காற்றையும் அலையையும் பற்றிப் பேசலாயின. போர் முடிந்து ஓராண்டு செல்லுமுன் ஏற்பட்ட இவ்வொழுங்கு, பல்வகைப் பிணக்குகளுக்கும் ஈடுகொடுத்து இன்றளவும் நிலைத்திருக்கிறது என்பது வியக்கத்தக்கது. புதுதில்லியிலுள்ள நிலையம் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் புயற்செய்தியை அனுப்பும் பொறுப்பை ஏற்றுள்ளது.

புயல்களுக்குப் பெயரிடும் வழக்கமும் இக்குழுவின் ஏற்பாடே. 2004 ஆம் ஆண்டில் எட்டு நாடுகள் எட்டெட்டுப் பெயர்களாக 64 பெயர்களைத் தந்து இதனைத் தொடங்கின. 2020 இல் 13 நாடுகள் தலைக்குப் பதின்மூன்றாக 169 பெயர்கள் கொண்ட புதுப் பட்டியலை வெளியிட்டன. எண்ணையும் திசைகோட்டையும் விடப் பெயர் மக்கள் மனத்தில் நிற்கும் என்பதே இதன் நோக்கம். பெயரிடுவதும் எளிதன்று. 2013 மே மாதத்தில் எழுந்த புயலுக்கு, இலங்கை முன்பு கொடுத்திருந்த ‘மகாசேன்’ என்ற பெயர் வந்தது. குளங்கட்டி நாட்டை வளம்படுத்திய அரசனின் பெயரை அழிவு செய்யும் புயலுக்கு இடுவதா என நம் நாட்டிலேயே எதிர்ப்பு எழ, அப்பெயர் கைவிடப்பட்டு ‘வியாரு’ என மாற்றப்பட்டது. மக்கள் எச்சரிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் செவிகொடுத்துக் கேட்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி, ஊர்களுக்குள்ளே நிகழ்ந்தது. 1972 இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் கழகம் புதிதாய்ப் பிறந்த வங்காளதேசத்தின் கரையோரங்களிற் சூறாவளி ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1973 முதல் அந்நாட்டு அரசும் சங்கமும் சேர்ந்து அதனை நடத்தி வருகின்றன. ஊருக்கு ஊர் தொண்டர் குழு. குழுவின் கையில் ஒரு திரான்சிஸ்டர் வானொலி, ஒரு ஒலிபெருக்கிக் குழல், கையாற் சுழற்றும் சங்கு, கொடிகள். டாக்காவிலிருந்து கம்பியில்லாத் தந்தி மூலம் வட்டார நிலையத்துக்கு வரும் செய்தியைத் தொண்டர்கள் கால்நடையாகவும் சைக்கிளிலும் வீடுவீடாகக் கொண்டுசெல்வர். நாலாம் எண் அடையாளத்துக்கு ஒரு கொடி. ஐந்து முதல் ஏழு வரை இரண்டு கொடி. எட்டு முதல் பத்து வரை மூன்று கொடி. கப்பல்களின் மொழி இவ்வாறு குடிமக்களின் மொழியாக மாற்றப்பட்டது. எழுத்தறியாதவனும் கொடியை எண்ணுவான். குழுவுக்குள்ளே வேலையும் பங்கிடப்பட்டது: செய்தி சொல்வோர் சிலர், காப்பகத்துக்கு அழைத்துச் செல்வோர் சிலர், மீட்போர் சிலர், முதலுதவி செய்வோர் சிலர். மாடுகளுக்கென உயர்ந்த மண்மேடுகளும் எழுந்தன. மாட்டை விட்டு வரமாட்டேன் என்றவனுக்கு அதுவே பொருத்தமான மறுமொழி.

இத்திட்டமும் ஒரே நாளில் நிறைவுபெறவில்லை. 1991 ஏப்பிரல் 29 ஆம் நாள் இரவு சிட்டகாங் கரையைத் தாக்கிய சூறாவளியில் ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தனர். எச்சரிக்கை உரிய காலத்திற் கொடுக்கப்பட்டது. ஆனால் காப்பகங்கள் போதவில்லை. இறந்தோரிற் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கணவன் வரும்வரை வீட்டைவிட்டு வெளியேறத் தயங்கிய பெண்கள் பலர். ஆடவர் நெருங்கி நிற்கும் காப்பகத்துக்குள் நுழையக் கூசியவர் பலர். ஒரு திட்டம் வீட்டுக்குள்ளே நிலவும் வழக்கங்களை அறியாது வகுக்கப்பட்டால் அவ்வழக்கமே உயிரைக் குடிக்கும் என்பது அன்று தெளிவாயிற்று. அதன்பின் ஆயிரக்கணக்கான காப்பகங்கள் எழுந்தன. நாள்தோறும் பள்ளிக்கூடமாகப் பயன்பட்டு, புயல் நாளில் புகலிடமாக மாறும் கட்டடங்கள் அவற்றுட் பல. பெண்களுக்குத் தனி அறைகளும் வந்தன. தொண்டர்களின் தொகை எழுபத்தாறாயிரத்தைக் கடந்தது. அவர்களிற் பாதிப்பேர் பெண்கள். 2007 நவம்பரில் வந்த ‘சித்ர்’ என்னும் சூறாவளியும் வலிமையிற் குறைந்ததன்று. அதில் இறந்தோர் ஏறக்குறைய 3,400 பேர். அதுவும் பெருந்தொகையே, ஆயினும் 1970 ஐயும் 1991 ஐயும் அருகில் வைத்துப் பார்க்கையில், ஊர்த் தொண்டரின் சைக்கிள் காப்பாற்றிய உயிர்கள் எத்தனையென ஒருவாறு விளங்கும்.

இந்தியாவின் ஒடிசாக் கரையும் இவ்வாறே கற்றது. 1999 ஒக்டோபர் 29 ஆம் நாட் சூறாவளியில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தனர். 2013 ஒக்டோபரில் ‘பைலின்’ வந்தபொழுது ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். இறந்தோர் சில பதின்மரே. காற்று மாறவில்லை, ஆயத்தம் மாறியிருந்தது.

நமது நாடு என்ன செய்தது? 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கிழக்கு மாகாணத்தார்க்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பத்து இலட்சம் மக்கள் பாதிப்புற்றனர். தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. தென்னை காய்ப்பதற்கு ஆண்டுகள் பல வேண்டுமாதலின், அவ்விரவின் இழப்பு ஒரு தலைமுறையின் வருமானத்தைத் தொட்டது. ஆயினும் அனர்த்த முகாமைத்துவத்துக்கென ஒரு சட்டம் நம் நாட்டிற் பிறப்பதற்கு அதனினும் பெரிய அடி ஒன்று வேண்டியிருந்தது. அதுவே 2004 டிசம்பர் 26.

அன்று காலை சுமாத்திராவுக்கருகே கடலடி நிலம் அதிர்ந்தது. பதினைந்து நிமிடங்களுள் ஹவாயிலுள்ள பசிபிக் எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கத்தைப் பற்றி அறிக்கை விடுத்தது. பசிபிக் நாடுகள் 1946 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஓர் எச்சரிக்கை ஒழுங்கைத் தொடங்கி, 1960 ஆம் ஆண்டின் சிலி நிலநடுக்கத்துக்குப் பின் 1965 இல் அதனைப் பல நாடுகளுக்கும் பொதுவாக்கி வைத்திருந்தன. இந்து சமுத்திரத்திலோ அத்தகையது எதுவுமில்லை. அலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அதன்பின் தீவைச் சுற்றித் தென்மேற்குக் கரைக்கு வந்து, பெரலியவில் நின்ற புகைவண்டியையும் அதனுள்ளும் அருகிலும் இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரையும் அழித்தது. சுமாத்திராவின் செய்தி இலங்கைக்கு வரவில்லை என்பது மட்டுமன்று. நம் கிழக்குக் கரையின் செய்தியே நம் தென்மேற்குக் கரையை உரிய நேரத்தில் அடையவில்லை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நம் மக்கள் மாண்டனர். பதினான்கு நாடுகளில் இறந்தோர் இரண்டு இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்.

அதே நாளில் சுமாத்திராவுக்கு மிக அண்மையிலுள்ள சிமெலுவே என்னும் தீவில் ஏறக்குறைய 78,000 மக்களுள் இறந்தோர் ஏழு பேரே. அங்கே கருவி எதுவுமில்லை. 1907 ஆம் ஆண்டில் வந்த பேரலையை முதியோர் ‘சுமொங்’ என்னும் சொல்லாற் பேரர்க்குச் சொல்லி வந்தனர். நிலம் நெடுநேரம் அதிர்ந்து, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதே அச்சொல்லின் பொருள். மக்கள் ஓடினர், பிழைத்தனர்.

துயரத்தின் நடுவே ஒரு நன்மையும் தெரிந்தது. தன் கரையே அழிந்திருந்த இந்தியாவிலிருந்து, இருபத்துநான்கு மணி நேரத்துள் உதவி நம் கரைக்கு வந்து சேர்ந்தது. 2005 மே மாதத்தில் நமது அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்தது. இந்து சமுத்திர நாடுகளின் எச்சரிக்கை ஒழுங்கு 2005 இல் தொடங்கப்பட்டு, 2011 ஒக்டோபரில் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்களைக் கொண்டு முழுமையாக இயங்கலாயிற்று. 2012 ஏப்பிரல் 11 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநிலநடுக்கம் ஏற்பட்டபொழுது, சில நிமிடங்களிற் செய்தி வந்தது. நம் கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கி நகர்ந்தனர். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்று அன்று சிலர் முணுமுணுத்தனர். அவ்வோட்டம் வீணன்று, வருங்காலத்துக்கான ஒத்திகை அது.

எல்லையைக் கடந்த செய்தி எல்லோரையும் காத்துவிடும் என்றும் எண்ணிவிடலாகாது. 2008 மே மாதத்தில் ‘நர்கிஸ்’ என்னும் சூறாவளி மியன்மாரின் ஐராவதி வடிநிலத்தைத் தாக்கியது. இரண்டு நாட்களுக்கு முன்னரே புதுதில்லி நிலையம் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. ஆனால் அச்செய்தியை வயல்வெளிக் குடிசைகளுக்குக் கொண்டுசெல்லும் தொண்டர் படையுமில்லை, செல்வதற்குக் காப்பகமுமில்லை. இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறக்குறைய 1,38,000 பேர். 1970 இற் செய்தி எல்லையிலே நின்றது. 2008 இல் எல்லையைக் கடந்து தலைநகரிலே நின்றது. உதவியும் வாயிலில் நின்றது. வெளிநாட்டாரை உள்ளே விட அந்நாட்டு ஆட்சியினர் அஞ்சினர். அப்பொழுது தென்கிழக்காசிய நாடுகளின் சங்கம் நடுவே நின்று, மியன்மார் அரசும் ஐக்கிய நாடுகளும் தானும் சேர்ந்த மூவர் குழு ஒன்றை ஏற்படுத்தி வழி திறந்தது. அந்நாடுகள் 2005 இலேயே அனர்த்தங்களுக்கென உடன்படிக்கை செய்திருந்தன. அது 2009 இல் நடைமுறைக்கு வந்தது. 2011 இல் ஜகார்த்தாவில் அதற்கென நிலையமும் திறக்கப்பட்டது. தென்னாசிய நாடுகளும் 2011 இல் மாலைதீவின் அட்டுவில் விரைவுதவி உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. கைச்சாத்துப் போதாது. உதவிக் கப்பல் வந்தால் எந்தத் துறைமுகத்தில், யாருடைய அனுமதியோடு, எந்தச் சுங்க விதியின்படி பொருளை இறக்குவது என்பதெல்லாம் புயல் வருமுன்னரே எழுதி முடிக்கப்படவேண்டியவை. துயர நாளிற் படிவம் தேடுவோர் பசித்தோரைக் காக்கமாட்டார்.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ என்னும் சூறாவளி நம் தீவைக் கடந்து சென்றபொழுது பல நூறு உயிர்கள் போயின. கடலோரத்தை விட மலைநாட்டின் சரிவுகளில் விளைந்த துயரம் பெரிது. சூறாவளி எச்சரிக்கை என்றால் கடலோரத்துக்கு என்று எண்ணும் பழக்கம் இனிச் செல்லாது. தொடர்மழையில் ஊறிய மலைச்சரிவிலே குடியிருப்போனுக்கும் அது அவன் வாயிற்படியிலேயே கேட்கவேண்டும். அவன் மொழியிலேயே கேட்கவேண்டும்.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், முன்னெச்சரிக்கை என்பது மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி எனலாம். நாடு நாட்டுக்குச் சொல்வது முதற் கண்ணி. நாடு ஊருக்குச் சொல்வது இரண்டாவது. கேட்டவர் எழுந்து நடப்பது மூன்றாவது. எந்தக் கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததே. முதலிரண்டும் அரசுகளுக்கும் நிலையங்களுக்கும் உரியவை. அவற்றைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை. மூன்றாவது நம் ஒவ்வொருவருக்கும் உரியது.

நேயர்களே, இவ்வுரை முடிந்ததும் வீட்டில் உள்ளோருடன் கூடியிருந்து நான்கு வினாக்களுக்கு விடை கண்டுகொள்ளுங்கள். எச்சரிக்கை வந்தால் நாம் செல்லவேண்டிய இடம் எது? நடக்கமாட்டாத முதியவரை அழைத்துச் செல்வது யார்? அடையாள அட்டையும் மருந்தும் எங்கே இருக்கின்றன? மின்சாரம் நின்றபின் செய்தி கேட்க மின்கலத்தில் இயங்கும் வானொலி உண்டா? பின்னர் ஐந்தாவதாக ஒன்றும் கேளுங்கள்: பக்கத்து வீட்டாருக்கு இதனைச் சொன்னோமா? நாடுகள் ஒன்றுக்கொன்று சொல்லக் கற்றுக்கொள்ள நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தன. வேலிக்கு அப்பாலுள்ளவருக்குச் சொல்ல நமக்கு ஒரு நிமிடமே போதும்.